1997இன் ஃபோல்அவுட்டை முதல்முறை விளையாட: லப்டொப்போடு ஒரு கொப்பியும் எடுங்கள்

சுனாமிக்குப் பிறகு 2005இல், உப்புவெளியில் எங்கள் தெருக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். தண்ணீர் பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நிற்போம். அந்த மாதங்களில்தான் திருகோணமலை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில், மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து ‘ஃபோல்அவுட்’ விளையாடத் தொடங்கினேன். அணுப்போருக்குப் பிந்திய உலகம். நிலத்தடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீரைச் சுத்தமாக்கும் கருவியின் சிப் பழுதாகிவிட, இன்னொன்றைத் தேடி ஒருவர் தனியாக வெளியே போகிறார். வாளியோடு நின்ற பிள்ளைக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வகை கேம் எதையும் தொடாதவர்களுக்கு, தொடங்கும் வழி இது.

படி 1: கேமை எடுப்பது

கோக் (GOG) என்ற, கேம் விற்கும் இணையத் தளத்தில் வாங்குங்கள். கழிவு போடும் நாட்களில் மிக மலிவு. இன்றைய வின்டோஸில் ஓடும்படி தருகிறார்கள், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. இன்ஸ்டோலரைப் பென் டிரைவிலும் போட்டு வைக்கலாம். பழைய லப்டொப்பே போதும்.

படி 2: ஆளை உருவாக்குவது

அவசரப்பட வேண்டாம், கேமின் பாதி இங்கேதான் இருக்கிறது. ஏழு குணங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 5இல் நிற்கும், மேலதிகமாக 5 புள்ளிகள் உங்கள் கையில். என் யோசனை: அஜிலிட்டிக்கு (சுறுசுறுப்பு) 3, இன்டெலிஜென்ஸுக்கு (புத்தி) 2.

காரணம் சொல்கிறேன். சண்டை முறை வைத்து நடக்கும். உங்கள் முறையில் எவ்வளவு நடக்கலாம், எத்தனை தடவை சுடலாம் என்பதை அக்‌ஷன் பொயின்ட்தான் தீர்மானிக்கும். அது 5உடன் அஜிலிட்டியின் பாதியைக் கூட்டிய கணக்கு. அஜிலிட்டி 8 என்றால் 9 கிடைக்கும். 7 வைத்தாலோ 6க்குக் கிடைக்கிற அதே 8தான், ஒரு புள்ளி வீண். இன்டெலிஜென்ஸை மிகவும் குறைத்தால் உங்கள் ஆளுக்கு ஒழுங்காகப் பேசவே வராது, ஊர்ச்சனமும் அதற்கேற்றபடிதான் நடத்தும். ஒரு எண்ணை மாற்றினால் கதையே மாறுகிறது என்பதை நான் முதலில் கண்டது இங்கேதான். இன்றுவரை அந்த வியப்புப் போகவில்லை.

அப்புறம் மூன்று திறன்களைக் குறிக்கச் சொல்லும். ஸ்மோல் கன்ஸ் (சிறிய துப்பாக்கிகள்), ஸ்பீச் (பேச்சு), லொக்பிக் (பூட்டுத் திறத்தல்) என்று குறியுங்கள்.

படி 3: கொப்பி

இன்றைய கேம்களில் போல, போகிற இடத்துக்கு அம்புக்குறி வராது. யார், எந்த ஊரில், என்ன சொன்னார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். சிலரிடம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தே விசாரிக்கலாம், ஆகவே பெயர்களின் ஆங்கில எழுத்துக்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் நாள் கணக்கு. சிப்பைக் கொண்டுவர உங்களுக்கு 150 நாட்கள்தான், வரைபடத்தில் தூரப் பயணம் போகும்போது அவை கடகடவென்று கழியும். என் கொப்பியில் அந்த நாட்களோடு பவுசர் வந்த நாட்களும் கலந்து கிடந்தன.

படி 4: சேவ்

பத்து இடங்கள் உண்டு. ஒன்றையே மேலெழுதாமல் மாறி மாறிச் சேவ் செய்யுங்கள், ஊருக்குள் நுழையுமுன் கட்டாயம். கடையில் ஒரு பின்னேரம் கறண்ட் போய் மூன்று மணித்தியால விளையாட்டு அழிந்தது. அழுகை வந்தது.

படி 5: முதல் பயணம்

குகை எலிகளைத் தாண்டி வெளியே வந்ததும் கிழக்கே வோல்ட் 15 என்ற இன்னொரு நிலத்தடிக் குடியிருப்பை நோக்கிப் போகச் சொல்வார்கள். நேரே போகாதீர்கள். வழியில் ஷேடி சாண்ட்ஸ் என்ற சிறிய ஊர் வரும். அங்கே எல்லாரோடும் கதையுங்கள், வீடுகளுக்குள்ளும் பாருங்கள். கூட வர ஒரு ஆள் கிடைப்பார், பெயர் இயன். ஒரு கயிறும் தேடி எடுங்கள், அது இல்லாமல் வோல்ட் 15க்குள் கீழே இறங்க முடியாது. எந்த வீட்டில் என்று எழுத மாட்டேன். அதை நீங்களே கண்டுபிடித்துக் கொப்பியில் எழுத வேண்டும்.