எரிவாயுக் குழாய்களில் ஹைட்ரேட் அடைப்பைத் தவிர்த்தலும் நீக்குதலும்

இயற்கை எரிவாயுவும் நீரும் உயர் அழுத்தத்தில் குளிரும்போது உருவாகும் ஹைட்ரேட் என்னும் திண்மம், 100 பார் அழுத்தத்தில் 15 டிகிரி செல்சியஸிலும் தோன்றக்கூடும் என்பதால், நீரின் உறைநிலையை மட்டும் கணக்கில் கொள்வது போதாது. குழாயின் மிகக் குளிர்ந்த பகுதியையும் அதிகபட்ச அழுத்தத்தையும் முதலில் கணித்து, அதற்கேற்ற அளவில் ஹைட்ரேட் உருவாவதைத் தடுக்கும் மெத்தனாலையோ மோனோ எத்திலீன் கிளைக்காலையோ கிணற்றின் வாய்ப்பகுதியான கிணற்றுத் தலையிலேயே செலுத்த வேண்டும். கடலடி வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே இறங்கும் நார்வேயின் ஓர்மன் லாங்கே கடலடி எரிவாயு வயலில் கிளைக்காலே பயன்படுகிறது. கரையில் நீரைப் பிரித்துவிட்டு அந்தக் கிளைக்காலை மீண்டும் கிணற்றுக்கு அனுப்பலாம் என்பதால், நெடுந்தொலைவுக் குழாய்களுக்கு அதுவே பொருத்தமானது.

அடைப்பு ஏற்பட்டுவிட்டால் ஒரு பக்க அழுத்தத்தை மட்டும் குறைக்கவே கூடாது. கழன்ற கட்டி பீரங்கிக் குண்டைப்போலப் பாய்ந்து குழாயை உடைக்கும். இரு பக்கமும் சமமாக, மெதுவாகக் குறைக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரத்தில் கட்டியின் நடுப்பகுதியைச் சூடாக்கினால், ஒரு பங்கு ஹைட்ரேட்டிலிருந்து ஏறத்தாழ 160 பங்கு வாயு வெளிப்பட்டு, வெளியேற வழியின்றிக் குழாயை வெடிக்கச் செய்யும்.