மறுபடியும் சொந்த லாரி: பல வருடம் கழித்து வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை

2012இல் என்னுடைய 2516 டாரஸை, அதாவது பத்து வீல் லாரியை விற்றேன். பத்து வருடம் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் குடோனில் வேலை. 2022இல் மறுபடி சொந்த வண்டியில் ஏறினேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் என்னைப் போல வண்டியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போன ஓனர் கம் டிரைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பி வரலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன வண்டி வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி வீட்டு முன்னால் வந்து நின்ற நாளிலிருந்து டியூ, அதாவது கடன் தவணை ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாமே கொஞ்சக் காசில் முடியக்கூடியவை. அதனால் வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

படி 1: லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

ஹெவி லைசென்ஸ் எப்போது முடிந்தது என்பதுதான் முக்கியம். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஒருமுறை புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். முன்பு 3 வருடம்தான். விண்ணப்பம் ஆன்லைனில், சாரதி தளத்தில். டாக்டரிடம் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வாங்க வேண்டும். பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த எண் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நேரில் போய்ப் பதிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம் நடக்கும்.

மருத்துவச் சான்றைக் கையெழுத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். கண்ணையும் சர்க்கரையையும் உண்மையாகவே பாருங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு இரவில் எதிர் வண்டி லைட் கண்ணைக் கூசும். எனக்கு அது கண்ணாடி மாற்றியதும் சரியானது. மாற்றாமல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

படி 2: மூன்று மாதம் அடுத்தவர் வண்டியில் போங்கள்

இதைத்தான் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள். ஓனராக இருந்தவன் இன்னொருவர் வண்டிக்குச் சம்பளத்துக்குப் போவதா என்று கௌரவம் பார்க்கிறார்கள். தயவுசெய்து பார்க்காதீர்கள். ஸ்டியரிங் பிடித்த கை மறக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற இன்ஜின் மாறிவிட்டது.

நான் தெரிந்தவர் ஒருவரின் பி.எஸ்.6 வண்டியில் (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது) இரண்டாவது டிரைவராகப் போனேன். பெங்களூரிலிருந்து லோடோடு வந்துகொண்டிருந்தோம். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், பழைய பழக்கத்தில் என் கை நியூட்ரலுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என் கைமேல் கை வைத்தான்.

"அண்ணா, நியூட்ரல் போடாதீங்கண்ணா. கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல காலை எடுத்துட்டா இந்த இன்ஜினுக்கு டீசலே போகாதுங்க. நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் சும்மா ஓடறதுக்கு டீசல் எரியும்."

அவன் சொன்னது அப்படியே சரி. இப்போதைய எலக்ட்ரானிக் இன்ஜினில், கியரில் இறங்கும்போது டீசல் பாய்ச்சுவதையே கணினி நிறுத்திவிடும். நாங்கள் அந்தக் காலத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விட்டோம். வண்டியின் முழு எடையும் பிரேக் லைனிங் தலையில் விழும். சூடேறினால் பிரேக் பிடிக்காது. தொப்பூரில் எத்தனை வண்டிகள் அப்படிப் போயிருக்கின்றன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போகிற வழியை அடைத்து இன்ஜினை வைத்தே வேகத்தைக் குறைப்பது) போட்டு, பிரேக்கின் காற்று அழுத்தம் காட்டுகிற ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். இதைச் சொல்லித்தந்த அந்தப் பையனுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று யூரியா. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பெரிய வண்டிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் ஆட்ப்ளூ என்கிற யூரியாத் திரவத்துக்குத் தனி டேங்க் இருக்கும். அது தீர்ந்துபோனால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும், லோடோடு மேட்டில் திணற வேண்டியதுதான். அதைவிட மோசம், ரோட்டோரத்தில் மலிவாகக் கேனில் கிடைக்கிறதை ஊற்றுவது. அது 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர் என்ற அளவில் இருக்க வேண்டும். தரமில்லாதது போனால் சைலன்ஸர் பக்கத்துப் பாகங்கள் கெட்டு, செலவு லட்சத்தைத் தொடும். நல்ல பங்கில் சீல் உடையாத கேனாக வாங்குங்கள்.

படி 3: லோடை முடிவு செய்யுங்கள்

எந்த ரூட், என்ன சரக்கு, திரும்பும்போது என்ன? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஆறு வீலா, டாரஸா, பன்னிரண்டு வீலா என்று தெரியும். நான் எடுத்தது நாக்பூர் லைன். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிராவில் நல்ல கிராக்கி. உபவாச நாளில் அங்கே சாபுதானா இல்லாத வீடு இல்லை. திரும்பும்போது விதர்பா, ஆதிலாபாத் பக்கமிருந்து நம் மில்களுக்குப் பஞ்சு. ஆனால் பஞ்சு வரத்து அக்டோபர், நவம்பரில் தொடங்கிக் கோடைக்குள் இறங்கிவிடும். மற்ற மாதங்களில் ரிட்டர்ன் லோடுக்கு என்ன செய்வது என்று லோடு பிடித்துத் தருகிற இரண்டு மூன்று லாரி ஆபீஸ்களில் உட்கார்ந்து பேசி வைத்திருந்தேன்.

நீங்களும் போய் உட்காருங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் போய் டீ குடித்துக்கொண்டு கேளுங்கள். எந்த ஊருக்கு டன்னுக்கு என்ன வாடகை பேசுகிறார்கள், கமிஷன் எவ்வளவு, யார் வாடகையில் மீதி பேலன்ஸை உடனே தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தெரியவரும்.

படி 4: ஒரு மாதத்தை நோட்டில் ஓட்டுங்கள்

வண்டி நின்றாலும் ஆகிற செலவு ஒன்று, ஓடினால் ஆகிற செலவு ஒன்று. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

டியூ மாதம் 45,000 ரூபாய் என்று வைப்போம். 28 டன் டாரஸுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, வருடம் 43,950. மாதத்துக்கு 3,660 சொச்சம். நேஷனல் பெர்மிட் (வெளிமாநிலங்களுக்கு ஓட்டுவதற்கான அனுமதி) வருடம் 16,500, மாதத்துக்கு 1,375. ஆக மாதம் சுமார் 50,000. காலாண்டு வரி, எப்.சி. (தகுதிச் சான்று), சொந்த வண்டிக்கான காப்பீடு எதுவும் இதில் இல்லை. 30 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 1,670 ரூபாய். லோடு கிடைக்காமல் நாக்பூரில் நான்கு நாள் நின்றால் 6,700 போய்விட்டது. சாப்பாடு தனி.

அடுத்த பக்கம், ஓட்டம். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் சுமார் 1,330 கிலோமீட்டர், போய்வர 2,660. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 665 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 61,800 சொச்சம். டயரை மறந்துவிடாதீர்கள். பத்து டயரும் இரண்டு லட்சம், 80,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். இந்த ஒரு டிரிப்புக்கு 6,650. அந்தப் பணத்தை டிரிப் முடிந்ததும் எடுத்துத் தனியாக வையுங்கள். முதல்முறை வண்டி வைத்திருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. டயர் மாற்றுகிற மாதம் நகை அடகுக்குப் போனது. இதோடு டோல், டிரைவர் படி, ஏற்று இறக்குக் கூலி, கமிஷன்.

வரவில் இருந்து இதையெல்லாம் கழித்த பிறகு, டிரைவர் வேலைக்கு வெளியே கிடைக்கிற சம்பளத்தையும் உங்களுக்கு நீங்களே கொடுத்ததாக எழுதுங்கள். அதற்கு மேல் மிஞ்சினால்தான் வண்டி சம்பாதிக்கிறது. மிஞ்சவில்லை என்றால் சம்பளத்துக்கே போகலாம், நிம்மதியாவது இருக்கும்.

படி 5: இப்போது வண்டி

பெயர்கள் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். நம் காலத்தில் டாரஸ் என்றால் வண்டியும் லோடும் சேர்த்து 25 டன், பன்னிரண்டு வீல் 31 டன். 2516, 3118 என்ற பெயர்களில் முதல் இரண்டு எண்ணும் அதுதான். 2018 ஜூலையில் ஆக்சில் எடையைக் கூட்டிய பிறகு புது டாரஸ் 28 டன், பன்னிரண்டு வீல் 35 டன். பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற எடைதான் உங்கள் எடை. கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000.

புது வண்டி என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம். என்றாலும் திரும்பி வருகிறவருக்கு என் யோசனை நான்கைந்து வருடம் ஓடிய, ஒரே ஓனரிடம் இருந்த ஒற்றைக் கை வண்டிதான். முதல் வருடம் லோடு சீராக இருக்காது. பெரிய டியூ கழுத்தைப் பிடிக்கும்.

நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு: ஆறு வீல் போன்ற இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், டாரஸ் போன்ற மல்டி ஆக்சிலுக்கு 15. விலை மலிவு என்று பத்து வருட ஆறு வீல் வாங்கினால் இரண்டு வருடத்தில் மாநிலத்துக்குள் முடங்கிவிடும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எப்.சி. காட்ட வேண்டும்.

பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். வந்து சேர்வதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சேஸிஸில் ஸ்பிரிங் பட்டைக்கு மேலேயும் குறுக்குச் சட்டம் சேருகிற இடங்களிலும் புதுப் பெயிண்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெல்டிங் இருக்கும். பி.எஸ்.6 என்றால் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். காது வைத்து இன்ஜின் சத்தம் கேட்கிற நம் பழைய மேஸ்திரிகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சென்சார் கோளாறு சத்தம் போடாது.

காகித விஷயத்தில், அரசின் பரிவாகன் தளத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: பைனான்ஸ் பாக்கி, வரி, எப்.சி. தேதி, இ-சலான். பழைய ஓனர் கட்டாத அபராதமெல்லாம் வண்டி நம்பரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. பைனான்ஸ் முடிந்த வண்டி என்றால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள்.

வருமான வரி எளிதுதான். பத்து லாரிக்கு மேல் இல்லாதவர்கள் முழுக் கணக்கு எழுதாமலே, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டலாம். 28 டன் என்றால் வருடம் 3,36,000. பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள்.

படி 6: முதல் டிரிப்

நம் காலத்தில் ஒவ்வொரு மாநில எல்லையிலும் விற்பனை வரி செக்போஸ்ட்டில் காகிதத்தோடு காத்துக் கிடந்தோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போனது. அதற்குப் பதில் 2018 ஏப்ரல் முதல் இ-வே பில், அதாவது சரக்குக்கான ஆன்லைன் சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளிமாநிலம் போனால் அது இல்லாமல் கிளம்பவே கூடாது. அதில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. நாக்பூருக்கு 7 நாள் கிடைக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்புவரை நீட்டிக்கலாம். உடனே லாரி ஆபீஸுக்குப் போன் போடுங்கள்.

ஃபாஸ்டேகில் போய்வர வேண்டிய பணம் இருக்கட்டும்; டோலில் ரொக்கமாகக் கட்டினால் இருமடங்கு. ஏற்றியதும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். தார்ப்பாயை நீங்களே மேலே ஏறிப் பாருங்கள்.

இறக்குகிற இடத்தில்தான் கவனம் வேண்டும். என் இரண்டாவது டிரிப்பில், இறக்கும்போது கேபினில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தால் எல்.ஆர். (சரக்கு ரசீது) நகலில் மூன்று மூட்டை குறைவு என்று எழுதி சீல் வைத்துவிட்டார்கள். ஏற்றியது சரியாகத்தான் இருந்தது, ஆனால் என்னிடம் சாட்சி இல்லை. பேலன்ஸ் வாடகை நாற்பது நாள் கழித்து, மூட்டைப் பணம் பிடித்துக்கொண்டுதான் வந்தது. இப்போது எத்தனை களைப்பாக இருந்தாலும் பின் கதவுக்குப் பக்கத்தில் நின்று பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணுகிறேன். கடைசி மூட்டை இறங்கியதும் கையெழுத்து, சீல், தேதி வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து லாரி ஆபீஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன்.