இடைமுகம் வடிவமைக்கக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் மாணவர்களும், மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற நகரங்களில் தாமாகவே செயலி வடிவமைக்கப் பழகும் இளைஞர்களும் இடைமுக வடிவமைப்பை, அதாவது பயனர் பார்த்துத் தொட்டு வேலை செய்யும் திரைகளை அமைக்கும் கலையை, மிகுந்த ஆர்வத்தோடு பயில்கிறார்கள். கருவிகள் கைக்கு எட்டியிருக்கின்றன. திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் ஓர் அழகான கைபேசித் திரையை வரைந்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் வரைந்த திரையை ஒருவரால் உண்மையில் பயன்படுத்த முடிகிறதா என்று கண்டறியும் முறைகளைக் கற்பதில் பெரிய தடுமாற்றம் இருக்கிறது. முறைகளின் பெயர்களும் அவற்றோடு ஒட்டிவரும் எண்களும் பரீட்சைக்காக மனப்பாடமாகிவிடுகின்றன. எந்த முறை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்ற தெளிவு மட்டும் வருவதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளைக்கின்றன.

மிகப் பரவலான தவறு, மதிப்பீட்டை இறுதி அத்தியாயமாகக் கருதுவது. செயற்றிட்ட அறிக்கையின் அமைப்பே இந்த எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. தேவைப் பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், அதன் பின் மதிப்பீடு என்று அத்தியாயங்கள் வரிசையாக நிற்பதால், வேலையும் அதே வரிசையில் நடக்க வேண்டும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள்: பயனரையும் அவர் செய்யும் வேலையையும் தொடக்கத்திலேயே அறிதல், அவர் பயன்படுத்தும்போது நடப்பதை அளந்து பார்த்தல், கண்ட குறையைத் திருத்தி மீண்டும் சோதித்தல். மூன்றாவதற்குக் காலம் வேண்டும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்திய வாரத்தில் சோதனை நடத்தினால், குறை தெரிந்தாலும் திருத்த வழியில்லை. அது அறிக்கையில் ‘எதிர்காலப் பணி’ என்ற தலைப்பின்கீழ் போய் ஒதுங்கிக்கொள்ளும்.

தாளில் பென்சிலால் வரைந்த நான்கைந்து திரைகள் இருந்தாலே முதற் சோதனையை நடத்திவிடலாம். பயனர் விரலால் ஒரு பொத்தானைத் தொட்டதும், நீங்கள் அடுத்த தாளை எடுத்து அவர் முன் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பளபளப்பாக முடித்த திரையைக் காட்டினால் பேச்சு நிறத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் போய்விடும். பென்சில் கோடுகளைக் காண்பவரோ இன்னும் மாற்றலாம் என்று உணர்ந்து, இது எனக்கு விளங்கவில்லை என்று தயங்காமல் சொல்வார்.

அடுத்தது, யாரைக் கொண்டு சோதிப்பது என்பது. வகுப்புத் தோழர்களை வைத்துச் சோதித்துவிட்டுப் ‘பயனர்கள் எளிதாகப் பயன்படுத்தினார்கள்’ என்று எழுதும் அறிக்கைகள் ஏராளம். பயன்பாட்டுத் தகைமையை, அதாவது ஒரு பொருளை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்த முடிகிறது என்பதை, வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேச நியமம், 1998இல் வந்த முதற் பதிப்பிலும் 2018இல் திருத்தப்பட்ட பதிப்பிலும், குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் என்ற மூன்றையும் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இன்னார், இன்ன வேலைக்கு, இன்ன இடத்தில் என்று சொல்லாமல் ‘எளிது’ என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

எடுத்துக்காட்டாக, சிறுபோகத்தில் விதைத்த வயற்பரப்பைப் பதியும் செயலி ஒன்றை ஒரு மாணவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சம்மாந்துறையில் வயல் செய்யும், 1961இல் பிறந்த ஒருவர் கையில் எடுக்கிறார். பிறந்த திகதிக்கு ஒரு நாட்காட்டி திறக்கிறது. அது இன்றைய மாதத்தைக் காட்டுகிறது. பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் ஒரு மாதம் நகர்கிறது. அவருடைய பிறந்த ஆண்டை அடைய எழுநூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மேலே உள்ள ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் விரியும் என்பது அவருக்குத் தெரியாது. அப்படித் தொடலாம் என்று காட்டும் அடையாளம் எதுவும் திரையில் இல்லை. அதைத் தாண்டினால் தேசிய அடையாள அட்டை இலக்கம். அவரிடம் இருப்பது ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை. மாணவருடையது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய அட்டை என்பதால் அந்தப் பெட்டி பன்னிரண்டு இலக்கங்களை மட்டுமே ஏற்கிறது. பிறகு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் இட்டு வாழ்நாள் முழுவதும் கையொப்பமிட்டு வந்தவர் எதை எதில் எழுதுவார்? இருபத்திரண்டு வயது நண்பர்கள் பத்துப் பேரை வைத்துச் சோதித்திருந்தால், முதல் இரண்டு குறைகளில் ஒன்றுகூட வெளிவந்திராது.

சோதனைக்கு ‘ஐந்து பேர் போதும்’ என்ற வாசகம் பற்றியும் சொல்ல வேண்டும். பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லான்டவரும் 1993இல் முன்வைத்த கணிப்பு மாதிரியிலிருந்தும், நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்தும் வந்தது அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொணர்கிறார் என்று கொண்டால், ஐந்து பேர் ஏறத்தாழ 85 சதவீதத்தை வெளிக்கொணர்வார்கள் என்பதே அதன் சாரம். அந்த 31 ஒரு சராசரி. எல்லாச் செயலிகளுக்கும் எல்லாக் குறைகளுக்கும் பொருந்துவதன்று. பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டுமே தென்படும் ஒரு குறை, ஐந்து பேரைக் கொண்டு நடத்தும் சோதனையில் வெளிப்படுவதற்கான வாய்ப்பு 41 சதவீதந்தான். மேலும், பதினைந்து பேரைக் கூப்பிட வசதியிருந்தால் அவர்களை ஐந்து ஐந்தாக மூன்று சுற்றுகளுக்குப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் திருத்துங்கள் என்பதே நீல்சனின் ஆலோசனை. நம் மாணவர்கள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றுகளை விட்டுவிடுகிறார்கள். ஒரே செயலியை வாழைச்சேனையில் மீன் வாங்கி விற்பவரும் பிரதேச செயலகத்து உத்தியோகத்தரும் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், இரு தரப்பாரையும் கலந்து ஐந்து பேர் என்று கணக்குக் காட்டுவதும் தவறு. ஒவ்வொரு தரப்புக்கும் தனியாக ஆட்கள் வேண்டும். சராசரி நேரம், வெற்றி விகிதம் போன்ற எண்களைக் கொண்டு இரு வடிவமைப்புகளை ஒப்பிடுவதற்கு ஐந்து பேர் ஒருபோதும் போதாது.

சோதனையை நடத்தும் விதத்தில் நம் பண்பாடே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இதை எந்தப் பாடக்குறிப்பும் போதிய அளவு சொல்வதில்லை. வீடு தேடி வந்த படித்த பிள்ளையிடம் குறை சொல்ல நம் பெரியவர்களுக்கு மனம் வராது. “எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டால், “நல்லா இரிக்கு மகன்” என்ற பதில்தான் வரும். அது அன்பின் பதில். செயலியைப் பற்றிய தகவல் அதில் இல்லை. ஆகவே கருத்தைக் கேட்பதை விட்டு வேலையைக் கொடுக்க வேண்டும். வேலையைச் சொல்லும்போது திரையில் உள்ள சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. ‘புதிய பதிவு’ என்ற பொத்தான் இருக்கும் திரையைக் கொடுத்துவிட்டுப் “புதிய பதிவு ஒன்று செய்யுங்கள்” என்றால், அவர் அந்தச் சொல்லைத் தேடித் தொடுவாரே தவிர, திரையைப் புரிந்துகொண்டாரா என்பது தெரியாது. “இந்தப் போகத்தில் மூன்று ஏக்கர் விதைத்திருக்கிறீர்கள், அதை இதில் எழுதி அனுப்புங்கள்” என்று சொல்வதே முறை.

அதன் பிறகு வாயை மூடிக்கொள்வது இன்னும் கடினம். வயதில் மூத்தவர் ஒருவர் கண்முன்னே தடுமாறும்போது, “அந்தப் பச்சையை அழுத்துங்க மாமா” என்று சொல்லத் துடிக்காத பிள்ளை நம் ஊரில் இல்லை. சொல்லிவிட்டால் அந்த இடத்தில் சோதனை முடிந்துபோகும். தொடக்கத்திலேயே, “நாங்கள் சோதிப்பது உங்களை இல்லை, இந்தச் செயலியைத்தான், நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே எங்கள் வேலை பிழைத்திருக்கிறது, இடையில் நான் உதவமாட்டேன், கோபிக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்” என்று மரியாதையோடு விளக்கிவிட்டால் இரு பக்கத்துச் சங்கடமும் குறையும். அவர் உங்களிடம் கேள்வி கேட்டால், “நான் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று திருப்பிக் கேட்கலாம். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் முறையைப் பயன்படுத்துவோர், அதே அமர்வில் நேரத்தையும் அளந்து முடிவுக்கு வருவது தவறு. பேசிக்கொண்டே செய்யும் வேலையின் நேரம் இயல்பான நேரத்திலிருந்து மாறுபடும்.

இடமும் கவனிக்கப்பட வேண்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் தெளிவாகத் தெரிந்த மெல்லிய சாம்பல் எழுத்து, நண்பகல் வெயிலில் வயல் வரம்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கிறது. அதை எட்டிவிட்டோம் என்று நின்றுவிடாமல், வெளியே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிபுணர் மதிப்பீட்டு முறைகளில், நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் அறிமுகப்படுத்திய நெறிவழி மதிப்பீட்டையே, அதாவது நல்ல வடிவமைப்புக்கான பொது நெறிகளோடு ஒப்பிட்டுத் திரைகளில் குறை தேடும் முறையையே, நம் மாணவர்கள் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். பயனரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இன்று புழங்கும் பத்து நெறிகள் 1994இல் செம்மைப்படுத்தப்பட்டவை. அவற்றைப் பத்துக் கட்டங்கள் கொண்ட படிவமாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’ என்று குறியிடுவது மதிப்பீடாகாது. ஒருவரே செய்வதும் போதாது; தனி மதிப்பீட்டாளர் ஒருவர் சராசரியாக 35 சதவீதக் குறைகளையே கண்டார் என்று நீல்சன் தம் திட்டங்களின் அடிப்படையில் குறிப்பிட்டிருக்கிறார். மூன்று முதல் ஐந்து பேர் வேண்டும். அவர்கள் முதலில் தனித்தனியே பார்க்க வேண்டும். குழுவாக ஒரே கணினிக்கு முன் அமர்ந்து, முதலில் பேசியவரின் கருத்துக்கு எல்லோரும் தலையாட்டினால், நால்வர் செய்த வேலை ஒருவர் செய்ததற்குச் சமமாகிவிடும்.

வினாக்கொத்துகளிலும் பிழைகள் நேர்கின்றன. 1986இல் ஜோன் புரூக் உருவாக்கிய எஸ்யூஎஸ் (SUS) என்ற பயன்பாட்டுத் தகைமை அளவுகோல் பத்துக் கூற்றுகள் கொண்டது; ஒவ்வொன்றுக்கும் பயனர் தம் உடன்பாட்டை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவார். ஒற்றை எண் கூற்றுகள் செயலிக்குச் சாதகமானவை, இரட்டை எண் கூற்றுகள் பாதகமானவை. ஒற்றைக் கூற்றின் மதிப்பிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், இரட்டைக் கூற்றின் மதிப்பை ஐந்திலிருந்து கழிக்க வேண்டும், கூட்டுத்தொகையை 2.5ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் பத்து மதிப்புகளையும் அப்படியே கூட்டி இரட்டித்தால், வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டவரின் கணக்கு 100 என்று வரும். சரியான கணக்கில் அது 50. கிடைக்கும் எண் சதவீதமும் அன்று. சராசரியாகக் கொள்ளப்படுவது 68. மூட்டையை நிறுத்தால் எடை தெரியுமே தவிர உள்ளே பதர் எவ்வளவு என்பது தெரியாதது போல, இந்த எண்ணும் எந்தத் திரையில் எது பிழை என்று சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழைப் பொருத்துவது இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அதிக இடம் பிடிக்கும். பொத்தானின் விளிம்பில் அவை துண்டிக்கப்படும். வரியின் உயரம் ஆங்கிலத்துக்கு அமைந்திருந்தால் மேலே புள்ளியும் கீழே ‘கூ’, ‘மூ’ போன்ற எழுத்துகளின் வளைவும் வெட்டுப்படும். முதற் தாள் வரைபடத்திலேயே தமிழில் எழுதிப் பழகினால் இது தானாகவே தீரும். அம்பாறை மாவட்டத்தில் சிங்களமும் சேர்த்து மூன்று மொழிகளில் இயங்க வேண்டிய செயலிகளுக்கு இது இன்னும் அவசியம்.

முடிவுகளை எழுதும்போது ‘சில பயனர்கள் சிரமப்பட்டனர்’ என்று எழுதாதீர்கள். எந்தத் திரை, எந்த வேலை, அவர் என்ன செய்தார், எதை எதிர்பார்த்தார், ஐவரில் எத்தனை பேர் அங்கே நின்றுவிட்டார்கள், அது வேலையையே நிறுத்தியதா அல்லது சற்றுத் தாமதித்ததா என்று எழுதினால்தான் எதை முதலில் திருத்துவது என்பது விளங்கும். திருத்திய பின் அதே வேலையைப் புதிய ஆட்களிடம் கொடுங்கள். முதற் சுற்றில் வந்தவரையே மறுபடி அழைத்தால், அவர் ஏற்கெனவே வழியைக் கற்றுக்கொண்டிருப்பார்; திருத்தம் பலித்ததா, அவர் பழகிவிட்டாரா என்று பிரித்தறிய முடியாது.