பூனைக்கு மணி கட்டினால் போதுமா? வீட்டுப் பூனை குருவி பிடிப்பதைக் குறைக்கச் சில வேலைகள்

போன சித்திரையில் ஒரு நாள் காலை, வாசல் தெளிக்கப் போன அம்மா, "இங்க வந்து பாரு, உன் செல்லம் செஞ்ச வேலையை" என்று குரல் கொடுத்தார். மிதியடி மேல் ஒரு சின்னான் குருவிக் குஞ்சு கிடந்தது. பக்கத்தில் எங்கள் பூனை பட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். செம்பருத்திச் செடியில் இருந்த அந்தக் கூட்டை நாங்கள் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பசிச்சிருக்கும், பாவம்" என்றார் அம்மா. முந்தைய இரவுதான் ஒரு கிண்ணம் பால்சோறு தின்றிருந்தாள். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு முட்டத் தின்ற பூனையும் இறகு படபடத்தால் பதுங்கும். ஆகவே இந்தப் பழக்கத்தை அடியோடு நிறுத்த முடியாது. குறைக்கலாம், அதுவும் நன்றாகவே குறைக்கலாம். பட்டுவிடம் எனக்குப் பலன் தந்தவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கவனியுங்கள். காலண்டரில் கிறுக்கி வைத்தால் போதும்: எத்தனை மணிக்கு, என்ன பிடித்தது, எந்தப் பக்கம் இருந்து வந்தது. பட்டு விஷயத்தில் பாதிக்கு மேல் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால். இது தெரிந்ததுமே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்று நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதன்ஸ் நகரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடித்த இரையில் ஏறத்தாழ கால் பங்குதான் வீட்டுக்கு வந்தது. மீதியைத் தின்றுவிட்டன, அல்லது பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டன. உங்கள் வாசலில் மாதம் இரண்டு கிடந்தால், கணக்கு இரண்டோடு முடியவில்லை என்று அர்த்தம்.

2. விடியலிலும் அந்தியிலும் கதவைச் சாத்துங்கள்

பறவைகள் இரை தேடி மும்முரமாக இறங்கும் நேரமும் பூனை சுறுசுறுப்பாகும் நேரமும் ஒன்றுதான். மாலை விளக்கு வைப்பதற்கு முன்பே பூனையை உள்ளே அழைத்துவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறி எட்டு மணி ஆன பிறகு வெளியே விடுங்கள். இரவுத் தெருநாய், வண்டி பயமும் இதோடு போகும்.

எப்படி அழைப்பது? இராச் சாப்பாட்டை ஐந்தரை மணிக்கு, வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். கிண்ணத்தை ஒரே மாதிரி தட்டுங்கள். நாலைந்து நாளில் அந்தச் சத்தத்துக்கு ஓடி வரும். பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல் நிரப்பி ஒரு மூலையில் வைத்தால் கழிப்பறைப் பிரச்சினையும் தீரும். முதல் வாரம் விடிகாலையில் கதவருகே நின்று கத்தும். கத்தட்டும். ஒரு நாள் இரக்கப்பட்டுத் திறந்தீர்களோ, கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

தோட்டத்தில் கூடு இருக்கிறதென்றால் இரண்டு வேளை மட்டும் அடைத்து வைப்பது போதாது. சின்னான் ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பெரிய ஆபத்தே அதற்குப் பிறகுதான்: சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் திரியும் அந்தச் சில நாட்கள். குஞ்சுச் சத்தம் கேட்டதிலிருந்து மூன்று வாரம் பூனை முழுக்க வீட்டுக்குள் இருக்கட்டும். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் 2022-இல் கொண்டை வானம்பாடி கூடு கட்டும் காலத்தில், ஆகஸ்ட் இறுதிவரை பூனைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். நமக்கு உத்தரவு எதற்கு, தாழ்ப்பாள் போதும்.

3. பால்சோற்றைக் குறைத்துக் கறி, மீன் கொடுங்கள்

எனக்கே ஆச்சரியம் தந்த இடம் இது. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்த வீடுகளில் பூனைகள் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. அங்கே அவை முன்பு தின்றதும் கடையில் வாங்கிய பூனைத் தீனிதான். அதிலேயே இவ்வளவு வித்தியாசம். நம் வீடுகளில் பூனைக்குப் போடுவது பால்சோறும், மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும். பூனை இறைச்சியில் வாழப் பிறந்த விலங்கு. இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து தொடர்ந்து குறைந்தால் அதற்குப் பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

என்ன கொடுக்கலாம்? வேகவைத்த நெத்திலி, மத்தி, எலும்பு நீக்கிய கோழிக்கறி. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, அதனால் குழம்புச் சட்டியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். பச்சை நெத்திலி, மத்தியைத் தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமின் அழியும். வேகவைத்தால் அந்தக் கவலை இல்லை. ஈரல் வாரம் ஒரு சிறு துண்டு போதும். வெறும் கறியை மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து போன்றவை குறையும். எனவே உறையில் உள்ள பொருள் பட்டியலில் கறி முதலில் வருகிற நல்ல பூனைத் தீனியைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்வது சுலபம். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும்.

4. தினமும் பத்து நிமிடம் பொய் வேட்டை

அதே ஆய்வில் நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் இரை 25 சதவீதம் குறைந்தது. இதற்குக் காசு கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு துணி முடிச்சு. அவ்வளவுதான்.

ஆட்டும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எந்தக் குருவியும் பூனையை நோக்கி வராது. முடிச்சைத் தரையோடு இழுத்துக் கட்டிலுக்கு அடியில் பாதி மறையுங்கள். நிறுத்துங்கள். லேசாகத் துடிக்க விடுங்கள். பதுங்கும், பின்பக்கத்தை ஆட்டும், பாயும். மூன்றில் ஒரு தடவை பிடிக்க விடுங்கள், கடித்துக் குதறட்டும். முடிந்ததும் உடனே சாப்பாடு வையுங்கள். பதுங்கி, பாய்ந்து, கடித்து, தின்று, உறங்குவதுதான் அதன் இயல்பான வரிசை. லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் கயிற்றை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை போகும்.

உருட்டினால் தீனி விழுகிற பந்தை நம்பி நான் ஏமாந்தேன். அந்த ஆய்விலும் அப்படிப்பட்ட பொம்மையில் சாப்பிட்ட பூனைகள் வழக்கத்தைவிட 33 சதவீதம் அதிக இரை கொண்டுவந்தன.

5. மணியைவிட வண்ணம்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாகக் கேட்கிறோம். கட்டிப் பார்த்த எக்ஸிடர் ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதற்கு முந்தைய சில ஆய்வுகளில் தெரிந்தது. மணி குலுங்காமல் நடக்கச் சில பூனைகள் பழகிவிடும் என்பார்கள். பட்டு மூன்றாவது வாரமே பழகிவிட்டாள்.

மாறாக, அதே எக்ஸிடர் ஆய்வில் கழுத்துப் பட்டையின் மேல் பளிச்சென்ற வண்ணத் துணி மாட்டிய பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைக்கு நிறம் துல்லியமாகத் தெரியும். பதுங்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடும். எலி பிடிப்பதை இது பாதிக்கவில்லை, ஆகவே எலிக்காகப் பூனை வளர்ப்பவர்களும் தாராளமாக மாட்டலாம்.

தையல்கடையில் மிஞ்சும் ரவிக்கைத் துணி போதும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு கலந்து, இரண்டு அங்குல அகலத்தில் குழாய் போலத் தைத்துப் பட்டையை அதற்குள் நுழையுங்கள். பட்டை மட்டும், இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரணக் கொக்கி கிளையில் மாட்டினால் பூனைக்குத் தூக்கு. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும். அம்மா இதைப் பார்த்துவிட்டு, "கரகாட்டத்துக்குக் கிளம்பிட்டா" என்றார்.

6. தோட்டத்தில் சில மாற்றங்கள்

தென்னையில் எலி ஏறாமல் தகரம் கட்டுவது தெரியும்தானே? அதையே கூடு இருக்கும் மரத்துக்கும் செய்யுங்கள். பூனை எலியைவிட நன்றாக எட்டும் என்பதால் தகரம் இரண்டடி அகலமாவது இருக்கட்டும், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே. மதில், கூரை வழியாகத் தாவ முடிகிற மரமென்றால் பயனில்லை.

பறவைக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டியைச் செடிப் புதருக்கு ஒட்டி வைக்காதீர்கள். சுற்றிலும் ஆறடியாவது வெட்டவெளி இருந்தால் பூனைக்குப் பதுங்க இடமில்லை. காக்கைக்கு வைக்கும் சோறு, குருவிக்கு இறைக்கும் கம்பு எல்லாம் மொட்டை மாடிக்குப் போகட்டும். அங்கும் பூனை ஏறுமென்றால் நிறுத்திவிடுங்கள். விருந்துக்குக் கூப்பிட்டு இரையாக்கும் வேலை நமக்கு எதற்கு? தவிட்டுக்குருவிகள் தரையில்தான் மேயும். அவை கூட்டமாகக் கத்தினால் எழுந்து போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பூனையோ பாம்போ பக்கத்தில் இருக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. பால்கனியில் புறா வலை கட்டினால் முடிந்தது. கீழ்ப்பகுதியை மட்டும் கம்பி வலையாகப் போடுங்கள், நைலானைக் கடித்துவிடும். குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்துவிட்டால் ஊர் சுற்றுவது குறையும். வேட்டை அதனால் மட்டும் போகாது.

7. பிடித்துக்கொண்டு வந்துவிட்டால்

அடிக்காதீர்கள். அடி வாங்கிய பூனை வேட்டையை விடாது, உங்கள் கண்ணில் படாமல் செய்யும்.

பறவை உயிரோடிருந்தால் பூனையை வேறு அறைக்குள் விட்டுவிட்டு, பறவை மேல் மெல்லிய துணியைப் போட்டு எடுங்கள். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, மூச்சுக்குழாயில் போய்விடும். காயம் தெரியவில்லை என்று பறக்க விடவும் வேண்டாம். பூனையின் வாயிலிருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஊசிமுனைப் பல்தடத்தில் புகுந்தாலே ஓரிரு நாளில் பறவை இறந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் "பூனை கவ்வியது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஆன்டிபயாடிக் கொடுப்பார். பிழைத்ததும் கூண்டில் வைத்து வளர்க்க ஆசைப்பட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கு இடம் தராது. வனத்துறையிடம் சொல்லி, தேறியதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

ஒரு செருப்புப் பெட்டியில் இன்றே துளை போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.