நர்ஸ் வந்து குழந்தையோடு விளையாடச் சொன்னால்

கைக்குழந்தையோடு வெளிநாட்டுக்கு வந்திருக்கிறீர்களா? எடை, தடுப்பூசி போக, நீங்களும் குழந்தையும் எப்படிப் பழகுகிறீர்கள் என்றும் நர்ஸ் பார்க்கலாம். பயப்படாதீர்கள். உங்களுக்கு மார்க் போட யாரும் வரவில்லை.

பெரும்பாலும் முதலில் கையில் தருவது எடின்பரோ கேள்வித்தாள். 1987-இல் வந்தது. கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று 10 கேள்விகள். தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு மட்டுமாவது கூச்சப்படாமல் உண்மையை எழுதுங்கள்.

அது தாயின் மனநிலைக்கு. நீங்களும் குழந்தையும் பழகுவதைப் பார்க்க வேறு முறை உண்டு: நீங்கள் குழந்தையோடு விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். தமிழிலேயே கொஞ்சுங்கள். அவர்கள் கவனிப்பது முகத்தை, குரலை, நிதானத்தை. குழந்தை 'ங்கா' என்றால் பதில் சொல்லிவிட்டு, அடுத்த சத்தத்துக்குக் காத்திருக்கிறீர்களா? முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுகிறீர்களா, கிலுகிலுப்பையோடு அந்தப் பக்கமும் போய் ஆட்டுகிறீர்களா? முகம் திருப்புவது பெரும்பாலும் 'கொஞ்சம் பொறு' என்பதுதான். திரும்பி வரும், அப்போது சிரித்தால் போதும். நன்றாக ஒட்டியிருக்கும் தாயும் சேயும்கூட எந்நேரமும் ஒத்துப்போவதில்லை என்பது அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். விலகியபின் மறுபடி சேர்வதுதான் முக்கியம்.

குழந்தை எப்போதும் கண்ணைப் பார்க்காமல், சிரிக்காமல், சத்தமே இல்லாமல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள். வலி, பார்வை, காது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே தாயின் மேல் பழி போடாதீர்கள்.

மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியாரையோ உட்கார வைக்காதீர்கள். வெளி ஆளைக் கேளுங்கள். வீட்டு மனிதர்கள் முன்னால் "குழந்தை மேல் இன்னும் ஒட்டுதலே வரவில்லை" என்று யாரால் வாய்திறக்க முடியும்? குழந்தை பிறந்தபின் வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரலாம், அவர்களும் தனியாகப் பேசலாம்.

சரி, ஏதோ சிக்கல் தெரிகிறது என்றால்? அது நோய் என்ற முடிவு இல்லை, அடுத்து விரிவாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அர்த்தம். உதவியும் பல சமயம் அதே வீடியோவில்தான் தொடங்குகிறது: நீங்கள் நன்றாகச் செய்த நொடிகளை முதலில் போட்டுக் காட்டிப் பேசுவார்கள்.

வீடியோ எடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: யார் யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள். பதில் தெளிவாகக் கிடைத்தபின் சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.