போன்ல லைப்ரரி புக் படிக்க வைக்கிறப்ப நாம பண்ற தப்புங்க

எங்க பெரியப்பா முத்தியால்பேட்டைல இருந்து வாராவாரம் சைக்கிள மிதிச்சுக்கிட்டு ரோமன் ரோலண்ட் லைப்ரரிக்குப் போவாரு, 1827-ல ஆரம்பிச்ச லைப்ரரி அது, பாண்டிச்சேரில படிக்கிற பழக்கம் உள்ள வீட்டுல அந்தப் பேரு தெரியாம இருக்காது. கண்ணுல புரை விழுந்ததும் போறது நின்னுடுச்சு. சரி போன்லயே படிக்கட்டும்னு முப்பது பிடிஎஃப் இறக்கிக் குடுத்தேன். ரெண்டே நாள், போன ஓரமா வெச்சிட்டாரு.

நான் பண்ண தப்பு என்னன்னா, அத்தனையும் ஸ்கேன் பண்ண பிடிஎஃப். அது புக்கு இல்லீங்க, பக்கத்தோட போட்டோ. பெருசு பண்ணா வரி திரைய விட்டு வெளிய ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடம் வலமா தள்ளணும், திரைல இருக்கறத வாய்விட்டுப் படிக்கிற டாக்பேக் வசதியப் போட்டாலும் படிச்சுக் காட்டாது. ஒரு வார்த்தை மேல விரல அழுத்திப் பாருங்க, செலக்ட் ஆகலன்னா அது வெறும் படம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய அரிய புக்கெல்லாம் அவ்ளோ இருக்கு, பொக்கிஷம், ஆனா நெறைய ஸ்கேன்தான். அதே நூல் மதுரைத் திட்டம்ங்கற (Project Madurai) இலவச இணைய நூல் தொகுப்புல இருக்கான்னு மொதல்ல தேடுங்க, 1998-லேர்ந்து தன்னார்வலருங்க உக்காந்து டைப் அடிச்சு வெச்சது, யூனிகோட் பதிப்பா எடுத்தா எழுத்த எவ்ளோ வேணா பெருசாக்கலாம், வரி தானா மடங்கிக்கும்.

ஸ்கேன் மட்டும்தான் கெடைக்குதுன்னா கூகுள் டாக்ஸ்ல தொறந்து எழுத்தா மாத்தலாம், ஆனா அப்படியே நம்பிக் குடுத்துடாதீங்க. துணைக்காலும் ரகரமும் குழம்பும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுல யானைத் தும்பிக்கை மாதிரி வர்ற ணை, லை எல்லாம் தப்பாத்தான் விழும். ஒரு தடவ நீங்களே படிச்சுத் திருத்துங்க.

அப்புறம் போன் படிச்சுக் காட்டுற குரல். தமிழ்க் குரல வைஃபைல இறக்கி வெக்காம விட்டுட்டு, ஆப் வேலை செய்யலன்னு முடிவு கட்டிடறோம். வேகத்தையும் கொறைங்க, பெரியவங்களுக்கு அதுதான் முக்கியம்.

பார்வைக் குறைபாடு மாதிரி காரணத்தால அச்சுப் புக்கப் படிக்க முடியாதவங்களுக்குன்னே 2016-லேர்ந்து சுகம்ய புஸ்தகாலயான்னு ஒரு இணைய நூலகம் இருக்கு, குறைபாட்டுச் சான்று காட்டிப் பதிவு பண்ணா போதும், அது தெரியாம வாட்ஸப்ல சுத்துற திருட்டு பிடிஎஃப்ப அனுப்புறது ரொம்ப தப்பு, எழுதினவங்களுக்கும் நஷ்டம், வாங்குறவங்களாலயும் படிக்க முடியாது.

பெரியப்பா இப்ப சாயங்காலமானா திண்ணைல போன மடில வெச்சு மணிமேகலை கேக்குறாரு, குரல் தப்பா பிரிச்சுப் படிச்சா சத்தமா திருத்துறாரு. லைப்ரரி கார்ட நான் புதுப்பிச்சு வெச்சிருக்கேன், ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு.