பலடினை விழவைக்கும்போது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாடும் மேசை விளையாட்டில் பலடின், அதாவது புனித சபதம் எடுத்த வீரன், நெறி தவறிச் சக்தி இழந்து வீழும் கதைகளில் பாதி ஆட்டத்துக்கு வெளியே சண்டையாகத்தான் முடிகின்றன. குழந்தையைக் கொன்றாலும் பாவம், விட்டால் ஊரே அழியும் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஒரு பொறி வைப்பார். எதைச் செய்தாலும் சக்தி போகும். அதில் வீழ்வது பலடின் இல்லை, மாட்டிக்கொண்ட எலி.

முதலில் விதியைப் பாருங்கள். 3ஆம் பதிப்பில் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தாலே எல்லாச் சக்தியும் போய்விடும். 2014இல் வந்த 5ஆம் பதிப்பில் 3ஆம் லெவலில் எடுக்கும் சபதம்தான் அளவுகோல்.

டிவோஷன் (பக்தி) சபதம் என்றால் உண்மை, துணிவு, கருணை, மானம், கடமை என ஐந்து நெறிகள். ஆடுபவர் மனசாரப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டை எடுத்து மோதவிடுங்கள். ரொட்டி திருடிய சிறுவனை ஒளித்துவைத்துக் காவலரிடம் ஒரு பொய். தண்டனை வேண்டாம், அன்றிரவு ஜெபத்தில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் போதும். அடுத்த செஷனில், அதாவது அடுத்த முறை ஆட உட்காரும்போது, அதே சிறுவனுக்காகப் பொய்ச்சாட்சி; கசையடி வேறொருவன் முதுகில் விழுகிறது. அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள், வாசலில் நிற்கும் அவன் மனைவியையும் காட்டுங்கள். மூன்றாவதில், உண்மை தெரிந்த காவலன் ஆயுதத்தைப் போட்டுவிட்டு மண்டியிடுகிறான். பகடையைத் தொடும் முன் நேராகக் கேளுங்கள்: "இவனைக் கொன்றால் சபதம் முறியும். கொல்கிறாயா?" கருணையே பலடினை அந்த இடத்துக்குக் கூட்டிவந்திருக்கும், கடைசி அடி மட்டும் அவன் முடிவு.

வீழ்ச்சிக்குக் காரணமாகப் பேராசை எடுபடாது, தங்கத்துக்கு விலைபோவதற்காக யாரும் பலடினைத் தேர்ந்தெடுப்பதில்லை. பழிவெறி நன்றாக வேலை செய்யும், வெஞ்சன்ஸ் (பழிவாங்கல்) சபதக்காரரைத் தவிர. பரம எதிரிக்கு இரக்கம் கூடாது என்பதே அவர் நெறி. அவரை எதிர்ப்பக்கமிருந்து அணுகுங்கள்: அந்த எதிரியை மன்னிக்கத் தோன்றும்போதுதான் அவர் சபதம் ஆடும்.

விழுந்தபின் வெறுங்கையோடு விடாதீர்கள். 3ஆம் பதிப்பில் அவர் கூடுதல் ஃபீட் (சிறப்புத் திறன்) இல்லாத ஃபைட்டர், அதாவது சாதாரணப் போர்வீரன் மாதிரிதான். மீள அட்டோன்மென்ட் (பிராயச்சித்த) மந்திரம் வேண்டும். 5ஆம் பதிப்பில் தன் மதத்து கிளெரிக்கிடமோ (பூசாரி) தன் சபையைச் சேர்ந்த இன்னொரு பலடினிடமோ பாவமன்னிப்பு கேட்கலாம். இரவு முழுக்கக் கண்விழித்து ஜெபிப்பதும் உண்டு. மனம் வருந்தாதவருக்கு 2014 டிஎம் கையேட்டில் ஓத்பிரேக்கர் என்ற சபதம் முறித்த பலடின் வகை இருக்கிறது, ஆனால் தீய குணமும் 3ஆம் லெவலும் வேண்டும். எந்த வழியானாலும் இரண்டு செஷனுக்குள் திறந்துவிடுங்கள்; அதற்கு மேல் போனால் ஆடுபவர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.